கயித்தைக் கேட்டேன்

அந்த வார்த்தையை அவள் வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா என்று அந்தக் குழுவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அவளைக் கேட்டால், "வாய் என்னோடது, அது எப்படித் தவறும்?" என்பாள்.

உயரமான கண்ணாடிக் கட்டடங்களின் வெளிப்பக்கத்தைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைப்பது அவள் வேலை. ஓர் ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று பாரம் தாங்கும், அது ஏமாற்றினால் பிடித்துக்கொள்ள இன்னொன்று. மொட்டைமாடிச் சுவரைத் தாண்டியதும் உடம்பின் பாரத்தை மெல்லக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போது மேலே நிற்கும் ஆள் வாக்கிடாக்கியில் "பிடிச்சிருக்கா?" என்று கேட்பான். கயிறு பிடித்திருக்கிறதா என்று அர்த்தம். தொங்குகிற ஆள் கொக்கி, திருகு, வளையம் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு "பிடிச்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். "சரி", "ஓகே" எதுவும் செல்லாது. அதெல்லாம் காதில் வாங்காமலே சொல்கிற வார்த்தைகள் என்பது மேஸ்திரியின் கட்சி.

குழுவில் அவளுக்குப் பெயர் பல்லி. சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற லாகவத்தைப் பார்த்து வைத்தது. கேலியாக வைத்த பெயர்தான், அவள் அதைத் தலைக்கவசத்திலேயே பெயின்டால் எழுதிக்கொண்டதும் கேலி செத்துப்போயிற்று. மேலே நின்று கயிறு பார்க்கிறவனுக்குச் சந்தேகம் என்று பெயர். ஒரு முடிச்சைப் பார்ப்பான், நகர்வான், திரும்பி வந்து மறுபடி பார்ப்பான். சாப்பாட்டு டப்பாவை மூடினால்கூட இரண்டு தரம் அமுக்கிப் பார்க்கிற ஜென்மம். "சந்தேகம் வந்தாச்சா?" "சந்தேகம் டீ குடிக்கப் போயிருக்கு" என்று நாளெல்லாம் அவன் தலை உருளும். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு முடிச்சைப் பார்ப்பான்.

அன்று காலை அவள் சுவரைத் தாண்டி, பாரத்தை இறக்கி, கொக்கி, திருகு, வளையம் எல்லாம் தொட்டு முடித்தாள். மேலிருந்து அவன் குரல் வந்தது.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு."

வாக்கிடாக்கி கரகரத்தது. அப்புறம் அதுவும் நின்றது. தரையில் வாளி கழுவிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்துக் கயிற்றில் தொங்கியவன், கீழே மேஸ்திரி, எல்லாருக்கும் ஒரே அலைவரிசை.

"கயித்தைக் கேட்டேன்," என்றான் சந்தேகம், ஈனக் குரலில்.

"நான் உன்னைச் சொன்னேன்," என்றாள் பல்லி. சொல்லிவிட்டு, தண்ணீர்த் துணியை எடுத்து முதல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரே கண்ணாடியை அவள் இரண்டு தரம் துடைத்தது அன்றைக்குத்தான்.

கீழேயிருந்து விசில் பறந்தது. "யோவ், அலைவரிசையைக் காலி பண்ணுங்கய்யா, வேலை நடக்குது!" என்று மேஸ்திரி கத்தினார். கத்தும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அவளைப் பிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. உள்ளே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் கண்ணாடிக்கு வெளியே இவள் தொங்குவதைப் பார்த்துக் கிறங்கி, விசாரித்து, பெற்றவர்களோடு வீட்டுக்கே வந்துவிட்டான். "உங்க தைரியம்தான் என்னைக் கவுத்திடுச்சு" என்று உருகு உருகென்று உருகினான். கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் வேணாம், இல்லையா?" என்றான். "எதைப் பாத்துக் கவுந்தீங்களோ அதையே வேணாங்கறீங்க. உங்க ஜன்னலை இனிமே நீங்களே துடைச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினாள். இன்னொருத்தனும் வந்தான். அவனும் அதே பாட்டுத்தான்.

அதே குழுவில் ஹீரோ என்று ஒருத்தன் உண்டு. ஒற்றைக் கையை விட்டுத் தொங்குவான், காலால் கண்ணாடியைத் தட்டுவான், உள்ளே இருக்கும் பெண்களுக்குச் சல்யூட் அடிப்பான். பெண்களும் சிரித்துக் கையாட்டுவார்கள். அவனுக்குப் பெண் கொடுக்க ஒருத்தருக்கும் தயக்கமில்லை, கல்யாணமாகிக் குழந்தையும் ஆயிற்று. அவன் தொங்கினால் வீரம். அதே உயரத்தில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு இவள் தொங்கினால் அடங்காப்பிடாரி. என்ன நியாயமோ, யார் எழுதியதோ!

சந்தேகம் மட்டும் அவளிடம் ஒரு நாளும் தைரியத்தைப் பற்றிப் பேசியதில்லை. "இடது பக்கத் திருகை இன்னொரு தரம் பாரு" என்பான். வேறு எந்த ஆணும் அவள்மேல் இவ்வளவு கவனத்தைச் செலவழித்ததில்லை. அவள் கவிழ்ந்தது அங்கேதான்.

மத்தியானம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வேண்டுமென்றே தள்ளிப் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றான் அவன் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தபடி.

"டப்பாவையா, என்னையா?"

"உன்னைத்தான்." நிமிர்ந்தான். "ஆனா..."

"என்ன ஆனா?"

"கல்யாணம்னா நீ கயித்தை விட்டுடணும் பல்லி. கீழ சாமான் அறையில ஆள் வேணும்னு மேஸ்திரி சொல்லிட்டே இருக்காரு. நீ அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்குது. இப்ப எப்படியோ தாங்கிக்கறேன். வீட்டுக்காரனா வந்து நின்னுக்கிட்டு என்னால ஆகாது."

அவள் உருட்டிய சோற்றை டப்பாவிலேயே போட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துத் தட்டிவிட்டிருப்பாள்.

"நீயுமா?" என்றாள். "உனக்குப் பயமா இருந்தா நீ கண்ணை மூடிக்கோ. என்னை எதுக்கு இறக்கற?"

"கோவப்படாதே. யோசிச்சுப் பாரு..."

"நான் யோசிச்சாச்சு. கயிறு வேணாம்னா நானும் வேணாம். நீ யோசிச்சுச் சொல்லு. பயந்தாங்கொள்ளி!"

கடைசி வார்த்தை தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனான். இரண்டாம் தரம் அமுக்கிப் பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள், ஆனால் கோபம் கண்ணை மறைத்தது.

வாக்கிடாக்கியில் சொன்ன விஷயம் வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்த அண்ணி, "வாங்க மேடம், காத்துல வந்துச்சு சேதி" என்று இடுப்பில் கிள்ளினாள். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்தப் பையன் என்ன சொல்றான்?"

"இறங்கச் சொல்றான்."

"நியாயம்தானே?"

"அம்மா! நாளைக்கே தையலை விட்டுடுன்னு அப்பா உன்கிட்டச் சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"தையல் மிஷின்லேருந்து விழுந்து யாரும் செத்ததில்லடி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா மிஷினை நிறுத்தினாள். "இத்தனை நாள் வந்தவனுங்க எல்லாம் உன்னை வேடிக்கை பாத்தவனுங்க. இவன் உன்மேல உசுரை வெச்சிருக்கான், அதான் பயப்படறான். இவனையும் விட்டுட்டா அப்புறம் உனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு," என்றாள்.

"இறங்கிட்டா, அவனுக்குன்னு வீட்டுல இருக்கறது நானா இருக்காதும்மா," என்றாள் மகள்.

அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவன் வேண்டும். அதை அவள் தன்னிடமே ஒளிக்கவில்லை. கயிறும் வேண்டும். தரையில் நடக்கும்போது ஆளுக்கு ஆள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: இப்படி உட்கார், இப்படிச் சிரி, இவ்வளவு பேசு. மேலே தொங்கும்போதுதான் அவள் உடம்பு அவள் பேச்சை மட்டும் கேட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விடு என்று எல்லாரும் சேர்ந்து பேசி வைத்தாற்போலச் சொல்கிறார்களே, ஏன் விட வேண்டும்? யார் வீட்டுச் சட்டம்? அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தபின்தான் தூக்கமும் வந்தது.

மறுநாள் காலை மேலே கயிறு பார்க்க நின்றவன் ஹீரோ.

"சந்தேகம் எங்கே?"

"வருவான், வருவான்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் ஹீரோ. "பிடிச்சிருக்கா?"

தொட்டுப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு" என்று சொல்லி இறங்கினாள். காற்று கொஞ்சம் பலமாகவே இருந்தது. இரண்டு மாடி துடைத்திருப்பாள், தலைக்கு மேலே சுவரோரத்தில் அசைவு தெரிந்தது. யாரோ தாண்டினார்கள். தாண்டிய விதத்தைப் பார்த்தாலே இந்தப் பக்கம் வந்து ரொம்பக் காலம் ஆயிற்று என்று தெரிந்தது. கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள். சந்தேகம்!

நடந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஹீரோ அவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தியிருக்கிறான். "மச்சான், பொண்ணுங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். உசுரைத் துச்சமா நினைக்கறவன்தான் பிடிக்கும். பயந்தாங்கொள்ளின்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா. நாளைக்கு அவ பக்கத்துல போய்த் தொங்கு. ஒரு கையை விட்டு ஆட்டு. அப்புறம் நீ இறங்குன்னா இறங்குவா." இதை ஒரு புத்தியுள்ள ஆள் நம்புவானா? காதலில் இருக்கிறவன் எதையும் நம்புவான்.

சந்தேகமும் கயிறு பழகியவன்தான். ஆனால் பல வருஷமாக மேலேயே நின்றவன். எல்லாரையும் அவன் கேட்பான், அவனை யாரும் கேட்டதில்லை. சந்தேகத்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? ஹீரோ விசில் அடித்து வழியனுப்பினானே ஒழிய, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்காமல் போனதால் சந்தேகமும் தொட்டுப் பார்க்கவில்லை. பயம் தெரியக் கூடாது என்ற ஒரே பயத்தில் மடமடவென்று இறங்கிவந்தான்.

அவளுக்குப் பக்கவாட்டில், இரண்டு ஜன்னல் தள்ளி, அவளுக்குச் சமமாக வந்து நின்றான். முகமெல்லாம் வியர்வை, அதன்மேல் ஒரு சிரிப்பு. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். பழக்கம் அது.

பாரம் தாங்குகிற கொக்கியின் திருகு பூட்டப்படவே இல்லை. அவன் ஆடும்போதெல்லாம் அது சுவரில் உரசி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏமாற்றினால் பிடிக்க வேண்டிய இரண்டாவது கயிறாவது இருக்கிறதே என்று பார்த்தால், அதை வாளி மாட்டுகிற வளையத்தில் மாட்டியிருந்தான். அது தண்ணீர் வாளியைத் தாங்கும். ஆளைத் தாங்காது.

காற்றில் கத்தினால் கேட்காது. வாக்கிடாக்கியை அழுத்தினாள். பதறினால் அவன் துள்ளுவான் என்று குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"பிடிச்சிருக்கா?"

அவன் முகம் மலர்ந்தது. பாவி, ஹீரோ சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துவிட்டான். ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்தே விட்டான்.

"பிடிச்சிருக்கு! ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு!"

வாக்கிடாக்கியில் கைதட்டல் கேட்டது.

"கயித்தைக் கேட்டேன்டா மடையா!"

சிரிப்பு அவன் முகத்திலேயே உறைந்தது. குனிந்து பார்த்தான். ஊரெல்லாம் கொக்கி பார்த்த கண் அல்லவா, ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. உடம்பு உதற ஆரம்பித்தது. உதறல் கொக்கிக்குப் போயிற்று.

"ஆடாதே. கையைத் திருப்பிக் கயித்துல வை. என்னைப் பாரு, கீழ பாக்காதே. நான் வரேன்."

இரண்டு காலாலும் ஜன்னல் சட்டத்தை உதைத்துப் பக்கவாட்டில் ஆடினாள். முதல் வீச்சில் எட்டவில்லை. கண்ணாடிக்கு உள்ளே அலுவலகத்துக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. இன்னும் பலமாக உதைத்தாள். இந்தத் தடவை அவன் பெல்ட்டைப் பிடித்தாள். தன் இடுப்பில் உபரியாகத் தொங்கிய குட்டைக் கயிற்றின் கொக்கியை அவன் நெஞ்சு வளையத்தில் மாட்டித் திருகினாள். அவன் கழன்று விழுந்தாலும் இனி அவள் கயிறு தாங்கும். மாட்டின பிறகுதான் மூச்சு விட்டாள். அவனும் விட்டான்.

"இப்ப திருகைப் பூட்டு. வாளி வளையத்துல இருக்கறதை எடுத்து எங்க மாட்டணுமோ அங்க மாட்டு. நிதானமா."

பூட்டினான். மாட்டினான்.

"பிடிச்சிருக்கா?"

அவன் கொக்கியைத் தொட்டான், திருகைத் தொட்டான், வளையத்தைத் தொட்டான். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் தொட்டான்.

"பிடிச்சிருக்கு."

"எது?"

"கயிறு."

"ம். இறங்கு."

இருவரும் ஒன்றாய்க் கட்டியபடியே மாடி மாடியாக இறங்கினார்கள். தரையைத் தொட்டதும் அவன் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹீரோ லிஃப்டில் ஓடிவந்து ஓரமாக நின்றான், விசில் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம். சந்தேகத்தைத் திட்டினார், ஹீரோவைத் திட்டினார், திட்டி முடித்து அவள் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் சொல்றது, காதல் கீதல் எல்லாம் கயித்துல ஏறக் கூடாது. ஏம்மா, நீ நாளையிலேருந்து சாமான் அறைக்கு வந்துடு. அதான் எல்லாருக்கும் நல்லது."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"தப்பு பண்ணினது அவன். கேக்காம விட்டது ஹீரோ. இறங்கறது நானா?"

மேஸ்திரி ஹீரோவைப் பார்த்தார், ஹீரோ தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க மேஸ்திரி. நான் இன்னிக்கு எதைப் பூட்டாம விட்டேன்? எந்த வளையத்தை மாத்தி மாட்டினேன்? சாமான் அறைக்கு ஆள் வேணும்னா இந்த ரெண்டு பேருல ஒருத்தரை அனுப்புங்க. நான் நாளைக்கும் ஏறுவேன். கல்யாணம் ஆனாலும் ஏறுவேன், ஆகலைன்னாலும் ஏறுவேன்."

மேஸ்திரி காதைச் சொறிந்தார். குழாயடியில் உட்கார்ந்திருந்தவன் பேசினான்.

"அவ இறங்க வேணாம் மேஸ்திரி. நான் போறேன் சாமான் அறைக்கு." தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தான். "இன்னிக்கு நான் தாண்டும்போது என்னை ஒருத்தரும் கேக்கலை. அவ ஒருத்திதான் கேட்டா. அதையும் நான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வீரம் காட்டத்தான் இறங்கி வந்தியா?"

"நீதான் பயந்தாங்கொள்ளின்னு..."

"அது நான் சொன்னது தப்பு. வீரம் காட்டறவனைப் பிடிக்கும்னா ஹீரோ மாதிரி ஒருத்தனைப் பாத்துட்டுப் போயிருப்பேன். நீ ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாப்பியே, அந்தப் பயத்தைத்தான்டா எனக்குப் பிடிச்சுது. அதை எதுக்குத் தூக்கி எறிஞ்சே?" அவள் கண் கலங்கியது, துடைக்கவில்லை. "பயப்படு. நல்லாப் பயப்படு. என் முடிச்சைப் பத்துத் தரம் பாரு. ஆனா உன் பயத்துக்காக என்னை இறங்கச் சொல்லாதே. இன்னொரு தரம் சொன்னின்னா, நானே உன்னைக் கழட்டி விட்டுடுவேன்."

"சொல்ல மாட்டேன்," என்றான். பிறகு, அவனுக்கே உரிய முறையில், இரண்டாம் தரமும் சொன்னான். "சொல்லவே மாட்டேன்."

மேஸ்திரி அவனைக் கொஞ்ச காலம் சாமான் அறையில் போட்டார். அங்கே அவன் அத்தனை கொக்கிக்கும் எண்ணெய் விட்டு, அத்தனை திருகையும் இருமுறை பார்த்தான். கடைசியில் அந்தத் தொந்தரவு தாங்காமல் மேலேயே அனுப்பிவைத்தார். அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். முணுமுணுத்தபடியே மகளுக்கு முழங்கால் பட்டை ஒன்று, உள்ளே பஞ்சு வைத்து, மிஷினில் தைத்துக் கொடுத்திருக்கிறாள். "சுவருல இடிச்சுக்காதே" என்றாள், "இறங்கிடு" என்று சொல்லவில்லை.

குழுவில் கேள்வியும் மாறிவிட்டது. வெறும் "பிடிச்சிருக்கா?" இனி செல்லாது, கயிறு என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும், பதிலிலும் கயிறு வர வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டார்.

கல்யாணமாகி முதல் நாள் வேலைக்கு வந்தபோது எல்லாரும் வாக்கிடாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் சுவரைத் தாண்டினாள். பாரத்தை இறக்கினாள். மேலே அவனுக்கு வயிற்றைக் கலக்கியது, கலக்கட்டும்.

"கயிறு பிடிச்சிருக்கா?"

அவள் கொக்கியைத் தொட்டாள், திருகைத் தொட்டாள், வளையத்தைத் தொட்டாள்.

"கயிறும் பிடிச்சிருக்கு," என்றாள்.